நற்றாய், செவிலி, வீரத்தாய்: தாய்மை குறித்த பெண்ணிய ஆய்வும் அதன் பொதுப் பகிர்வும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் சமூகத்தில் தாய்மை என்னும் கருத்தாக்கம் எவ்வாறு உருவாயிற்று என்பது பற்றிய பெண்ணிய ஆய்வுகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் கணிசமாக வெளிவந்துள்ளன. அவற்றுள் பெரும்பகுதி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆய்வுக்குப் பொருளான பெண்களுக்கும், அவர்தம் மொழியைக் கற்பிக்கும் தமிழ்த்துறைகளுக்குமே அவை முழுமையாக வந்துசேரவில்லை. தாய்மையை அனுபவம் எனவும் நிறுவனம் எனவும் பிரித்தறியும் அணுகுமுறையை இக்கட்டுரை முதலில் விளக்குகிறது. அப்பகுப்புக்கு இணையான சிந்தனை தமிழ் அகமரபின் நற்றாய் - செவிலி பாகுபாட்டில் உண்டு என்பதை அடுத்துக் காட்டுகிறது. வீரத்தாய், தமிழ்த்தாய், தாய்க்குலம் ஆகிய படிமங்களை ஆய்வாளர்கள் எவ்வாறு வாசித்தனர் என்பதைத் தொகுத்து, இவ்வறிவு பொதுமக்களிடம் பகிரப்பட்ட வழிகளை மதிப்பிடுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ரிஷிவந்தியம் வட்டாரம் இம்மதிப்பீட்டுக்குரிய சூழலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தாய்மை, நற்றாய், செவிலி, புறந்தருதல், வீரத்தாய், தாய்க்குலம், வளர்ப்புழைப்பு, பொதுப் பகிர்வு

முன்னுரை

தாயைப் போற்றாத தமிழ் மேடை இல்லை. பட்டிமன்றம், திருமண வாழ்த்து, தேர்தல் பரப்புரை, பள்ளி ஆண்டுவிழா என எங்கும் தாய் தெய்வமாக்கப்படுகிறாள். அதே தாய் பிள்ளை வளர்ப்பின் சுமையைப் பற்றியோ, பேறுகால விடுப்பைப் பற்றியோ, இனிப் பிள்ளை வேண்டாம் என்ற தன் முடிவைப் பற்றியோ பேசத் தொடங்கினால் அம்மேடையில் அவளுக்கு இடம் கிடைப்பதில்லை. போற்றுதல் பெருகும் இடத்தில் உரிமைப் பேச்சு சுருங்குவது ஏன் என்பதே தாய்மை குறித்த பெண்ணிய ஆய்வின் அடிப்படை வினா.

இவ்வினாவுக்கு விடை தேடிய ஆய்வுகள் தாய்மார்க்கு எதிரானவை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆய்வு முடிவுகள் பொதுமொழியில் பகிரப்படாமையே இத்தவறான எண்ணத்துக்கு முதன்மைக் காரணம். எனவே ஆய்வின் உள்ளடக்கத்தையும் அதனைப் பகிரும் முறையையும் ஒருசேர நோக்குவது இன்றியமையாதது.

அனுபவமும் நிறுவனமும்

ஆட்ரியன் ரிச் 1976இல் வெளியிட்ட ‘ஆஃப் உமன் பார்ன்’ என்னும் நூல் இத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்று. தாய்மைக்கு இரு பொருள் உண்டு என்பது அவர் வாதம். ஒன்று, பெண் தன் ஈனும் ஆற்றலோடும் பிள்ளைகளோடும் கொள்ளும் உறவு, இது அனுபவம். மற்றொன்று, அவ்வாற்றலையும் உறவையும் ஆண்களின் கட்டுப்பாட்டில் நிறுத்தும் சட்டம், சமயம், மருத்துவம், குடும்ப ஒழுங்கு ஆகியவற்றின் தொகுதி, இது நிறுவனம். ரிச் எதிர்த்தது நிறுவனத்தை. அனுபவத்தை அந்நிறுவனத்திலிருந்து மீட்பதே அவர் நோக்கம்.

சாரா ரட்டிக் 1989இல் எழுதிய ‘மெட்டர்னல் திங்கிங்’ என்னும் நூல் தாய்மையை ஒரு செயற்பாடாக வரையறுத்தது. பிள்ளையின் உயிரைக் காத்தல், வளர்ச்சிக்குத் துணைநிற்றல், சமூகம் ஏற்கத்தக்கவராக ஆக்குதல் ஆகிய மூன்று கோரிக்கைகளுக்கு மறுமொழி தரும் உழைப்பே தாய்மை என்பது அவர் கருத்து. அவ்வுழைப்பை மேற்கொள்பவர் பெற்றவராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. பெண்ணாக இருத்தலும் கட்டாயமன்று. மூன்று கோரிக்கைகளும் ஒன்றோடொன்று முரண்படும் தருணங்களில் தாய் சிந்திக்கிறாள், தேர்ந்தெடுக்கிறாள். பாசம் என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கப்பட்ட ஒன்றினுள் அறிவுச்செயலும் உழைப்பும் உள்ளன என்பதை இவ்வரையறை புலப்படுத்தியது.

அகமரபின் பாகுபாடு

மேற்கண்ட பகுப்பு மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான ஒன்று என்னும் மறுப்பு தமிழாய்வுச் சூழலில் எழுவதுண்டு. தமிழ் அகமரபை நோக்கின் அம்மறுப்பு வலுவிழக்கிறது. ஈன்ற தாயை நற்றாய் எனவும், வளர்த்த தாயைச் செவிலி எனவும் தொல்காப்பியம் பிரித்துக் கூறுகிறது. இருவர்க்கும் தனித்தனியே கூற்று நிகழும் இடங்களை வகுக்கிறது. ஈனுதலும் வளர்த்தலும் ஒருவரிடமே அமைய வேண்டியவை என்னும் கருத்து அவ்விலக்கணத்துக்கு அடிப்படையாக இல்லை.

பாடல்களிலும் இது தெளிவு. நற்றிணை 110ஆம் பாடலில் மணமனைக்குச் சென்ற தலைவியின் மாறுதலைக் கண்டு வியப்பவள் செவிலி. பால் உண்ண மறுத்துப் பந்தரில் ஓடிய சிறுமியின் பின்னே ஓடித் தளர்ந்த செவிலியரின் உழைப்பை அப்பாடல் நினைவுகூர்கிறது. குறுந்தொகை 167ஆம் பாடலில் மகளின் அடுக்களையைப் பார்த்து வந்து நற்றாயிடம் உரைப்பவளும் செவிலியே. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் பேயனார் ‘செவிலி கூற்றுப் பத்து’ என ஒரு பத்தையே அமைத்துள்ளார். வளர்ப்பின் நுணுக்கங்களைக் கண்டு சொல்லும் உரிமை வளர்த்தவளுக்கே உரியது என்னும் புலனெறி இங்கே செயற்படுகிறது.

இப்பாகுபாட்டைப் பெண் விடுதலையின் சான்றாக எடுத்துக்கொள்வது மிகையாகும். செவிலி தலைவியின் மனையைச் சார்ந்து வாழ்பவள். செல்வ மனையின் பிள்ளைக்குப் பொற்கலத்தில் பாலூட்டியவளுக்குப் பிறந்த பிள்ளைக்கு அதே நேரத்தில் பாலூட்டியவர் யார் என்பதை அகப்பாடல்கள் சொல்வதில்லை. எனினும் வளர்ப்பு என்பது பிறப்பிலிருந்து பிரித்தறியத்தக்க உழைப்பு என்னும் தெளிவு அம்மரபில் உண்டு. பெண்ணிய ஆய்வின் மையக் கருத்தைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசேர்க்க இதனினும் பொருத்தமான நுழைவாயில் இல்லை.

வீரத்தாய்ப் படிமம்

தமிழ்த் தாய்மையின் அடையாளமாக மேடைகளில் எடுத்துரைக்கப்படுபவை புறநானூற்றின் சில பாடல்கள். காவற்பெண்டு (86), காக்கைபாடினியார் நச்செள்ளையார் (278), ஒக்கூர் மாசாத்தியார் (279), பொன்முடியார் (312) ஆகியோர் பாடல்கள் அவற்றுள் முதன்மையானவை. இவற்றைத் தொகுத்து ‘மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பி மகிழும் தாய்’ என்னும் ஒரே படிமம் இருபதாம் நூற்றாண்டில் வடிக்கப்பட்டது.

மூலப்பாடல்கள் இத்துணை எளிமையானவை அல்ல. பொன்முடியாரின் பாடல் ஓர் ஆண்மகன் போர்வீரனாக உருவாவதற்கு வேண்டிய கடன்களைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர்க்கு வகுத்தளிக்கிறது. தாய்மை இங்கே உணர்வாகச் சொல்லப்படவில்லை. அரசுருவாக்கத்தின் ஓர் உறுப்பாகிய கடமையாகச் சொல்லப்படுகிறது. ரிச் குறிப்பிட்ட நிறுவனம் என்பதற்குத் தமிழில் இதனைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது. தாயின் கடனாக அப்பாடல் ஈனுதலை மட்டும் கூறவில்லை, புறந்தருதலையும் கூறுகிறது. பேணுதல், பாதுகாத்தல் என்னும் பொருளுடைய அச்சொல்லை மேடைப்பேச்சு பெரும்பாலும் விளக்காமல் கடந்துவிடுகிறது. பெற்றவள் என்னும் பெருமை எஞ்ச, பேணியவளின் நெடுநாள் உழைப்பு மறைகிறது.

தேர்வும் கவனத்துக்குரியது. புறநானூறு 254ஆம் பாடலில் கயமனார், களத்தில் வீழ்ந்த கணவனுடலின் அருகே புலம்பும் பெண்ணைக் காட்டுகிறார். மகனின் பெருமையை ஓயாது பேசும் அவன் தாய்க்கு இச்செய்தி எட்டினால் அவள் என்னாவாள் என்பதே அப்பெண்ணின் கவலை. வீரத்தாய்ப் பட்டியலில் இடம்பெறும் பாடல்களும் இப்பாடலும் ஒரே தொகை நூலில் உள்ளவை. துயருறும் தாயை விடுத்து, துயரை வென்ற தாயை மட்டும் எடுத்துக்கொண்டது பிற்காலத்துத் தேர்வு.

இத்தேர்வின் அரசியலைத் தொடக்கத்திலேயே ஆராய்ந்தவர் சி.எஸ். லக்ஷ்மி. அம்பை என்னும் பெயரில் சிறுகதை எழுதும் இவர், 1990இல் ‘எகனாமிக் அண்டு பொலிட்டிக்கல் வீக்லி’ இதழில் தமிழ்நாட்டில் தாய், தாய்க்குலம், தாய் அரசியல் என்னும் பொருளில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பெண் வாக்காளர்களைத் தாய்க்குலம் என விளிக்கும் அரசியல்மொழி அவர்களுக்குச் சிறப்பளிப்பதுபோல் தோன்றினும், குடிமக்களாகிய பெண்களைத் தாய் என்னும் ஒற்றை அடையாளத்துக்குள் நிறுத்துகிறது என்பது இக்கட்டுரையை வாசிப்போர் பெறும் தெளிவு. மணமாகாதவர், பிள்ளையற்றவர், பிள்ளை வேண்டாமென்றவர் ஆகியோர்க்கு அவ்விளியில் இடமில்லை.

ஈழச் சூழலில் சித்திரலேகா மௌனகுரு 1995இல் வெளியான தம் கட்டுரையில் தமிழ்த் தேசியம் வீரத்தாய்ப் படிமத்தைக் கையாண்ட முறையை ஆராய்ந்தார். அச்சூழலில் தாய்மைக்கு மற்றொரு முகமும் இருந்தது. 1984இல் யாழ்ப்பாணத்தில் உருவான அன்னையர் முன்னணி, இளைஞர்கள் கைது செய்யப்படுவதை எதிர்த்து வீதிக்கு வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தொடர் போராட்டமும் தாய் என்னும் தகுதியிலிருந்தே நீதி கேட்டது. இலங்கை அன்னையர் இயக்கங்களை ஆராய்ந்த மாலதி டி அல்விஸ், தாய்மை எதிர்ப்புக்கான களமாகவும் அமையும் என்பதைக் காட்டினார். ஆகவே ஒரே படிமம் மகனைக் களத்துக்கு அனுப்பவும், மகன் எங்கே எனக் கேட்கவும் பயன்பட்டுள்ளது. படிமத்தின் பொருளை அதனைக் கையாள்பவரே முடிவுசெய்கிறார்.

தமிழ்த்தாயும் எதிர்க்குரலும்

மொழியைத் தாயாகக் காணும் மரபை விரிவாக ஆராய்ந்த நூல் சுமதி ராமசாமியின் ‘பேஷன்ஸ் ஆஃப் தி டங்’ (1997). மனோன்மணீயம் (1891) நாடகத்தின் வாழ்த்துப் பாடல் 1970இல் அரசு விழாக்களுக்கு உரியதாகி, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. இவ்வளர்ச்சியின் பின்புலத்தை விளங்கிக்கொள்ள அந்நூல் உதவுகிறது. தமிழ்த்தாய் தெய்வமாகவும், அரசியாகவும், துன்புறும் அன்னையாகவும், கன்னியாகவும் பலவாறு உருவகிக்கப்பட்டதை அவர் எடுத்துக்காட்டுகிறார். மொழிமேல் ஏற்றப்பட்ட பெண்மையின் இலக்கணம் பெண்கள்மேல் திரும்ப ஏற்றப்படுகிறது என்பது இங்கு நாம் கருதவேண்டிய விளைவு.

இப்படிமங்களுக்கு எதிரான வலுவான குரலும் தமிழ் மண்ணிலேயே எழுந்தது. பெரியார் கருத்தடையை ஆதரித்தபோது, தாயின் உடல்நலம், நாட்டின் பொருளாதாரம் ஆகிய காரணங்களைக் காட்டியோரிடமிருந்து தம்மை வேறுபடுத்திக்கொண்டார். பெண்கள் விடுதலை பெறவும் சுயேச்சையாக வாழவும் கருத்தடை வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் இவ்வாதம் இடம்பெறுகிறது. வ. கீதா 1998இல் எழுதிய கட்டுரை பெரியாரின் இச்சிந்தனையைக் குடிமைசார் அறத்தோடு இணைத்து வாசித்தது. ரிச்சின் நூலுக்குப் பல்லாண்டுகள் முன்பே தாய்மை என்னும் நிறுவனத்தை வினவிய தமிழ் உரையாடல் ‘குடி அரசு’ இதழின் வழியே சிற்றூர்களை எட்டியது. ஆய்வைப் பொதுமொழியில் பகிர்வது புதிய முயற்சி ஆகாது. அறுந்த தொடர்ச்சியை மீட்பதே ஆகும்.

பகிர்வின் வழிகள்

தாய்மை குறித்த ஆய்வறிவு தமிழில் பொதுமக்களை அடைந்த வழிகளை நான்காகக் காணலாம்.

முதலாவது புனைகதை. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ என்னும் சிறுகதை, தாயைப் பேரன்போடு நினைவுகூரும் மகளின் குரலில் அமைந்தது. தாய் ஊரில் இல்லாதபோது மகள் பூப்பெய்துகிறாள். திரும்பிவந்த தாயின் கடுஞ்சொல் மகளின் உள்ளத்தில் எதையோ கொன்றுவிடுகிறது. அத்தாய் கொடியவள் அல்லள். மகளின் நிறம், மணம், செலவு பற்றிய ஊரின் கணக்கு அவள் வாய்வழியே வெளிப்படுகிறது. அனுபவத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான முரணை எந்தக் கலைச்சொல்லும் இன்றி இக்கதை உணர்த்திவிடுகிறது.

இரண்டாவது அரங்கு. 1990களில் பெண் சிசுக்கொலை பற்றிய பொதுப்பேச்சு பெற்றவளையே குற்றவாளியாக நிறுத்தியது. தமிழ்நாடு அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதும் இக்காலத்திலேயே. இச்சூழலில் அ. மங்கை நெறியாள்கை செய்த ‘பச்சமண்ணு’ நாடகம் சிற்றூர்களில் நிகழ்த்தப்பட்டது. பெண்ணின் வாழ்வில் பிறப்பு முதல் நிகழும் சடங்குகளை அந்நாடகம் தன் கட்டமைப்பாகக் கொண்டது. சீர்வரிசையும் செலவும் ஒவ்வொரு சடங்கிலும் பெண்ணைச் சுமையாக்கும் முறை பார்வையாளர் முன் விரிந்தபோது, கேள்வி தாயிடமிருந்து ஊரை நோக்கித் திரும்பியது. மக்கள் நன்கறிந்த சடங்கு வடிவத்திலேயே ஆய்வின் முடிவு அவர்களை வந்தடைந்தது.

மூன்றாவது ஆவணம். பெண்கள் குறித்த ஒலி, காட்சி ஆவணங்களுக்கான ஸ்பாரோ நிறுவனம் 1988இல் மும்பையில் நிறுவப்பட்டது. சி.எஸ். லக்ஷ்மி அதன் நிறுவனர்களுள் ஒருவர். பெண்களின் வாய்மொழி வரலாறுகளை அவரவர் பெயரோடு காப்பது இதன் பணி. நாட்டார் வழக்காற்றியலுக்கு இது முக்கியமான பாடம். தாலாட்டையும் ஒப்பாரியையும் நாம் ஏராளமாகத் தொகுத்துள்ளோம். பாடியவர் பெயர் பல தொகுப்புகளில் இல்லை. தாய்மையின் குரல் பொதுச்சொத்தானபோது குரலுக்குரியவள் மறைந்தாள்.

நான்காவது தமிழ் ஆய்விதழ். கொழும்பிலுள்ள பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ‘நிவேதினி’ பெண்ணிய ஆய்வைத் தமிழிலேயே விவாதிக்கும் களமாக அமைந்தது. மொழிபெயர்ப்பை எதிர்பார்த்து நிற்காமல் கலைச்சொற்களைத் தமிழிலேயே ஆக்கிப் பழகும் வாய்ப்பை இத்தகைய இதழ்களே தருகின்றன.

ரிஷிவந்தியம் வட்டாரச் சூழல்

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வேளாண்மையே பெரும்பான்மைத் தொழில். ரிஷிவந்தியம் ஒன்றியத்துச் சிற்றூர்களிலும் கல்வராயன் மலை ஊர்களிலும் பிள்ளை பெற்ற பெண் வயலுக்கும் கூலிவேலைக்கும் திரும்பியாக வேண்டும். அவள் திரும்பும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யார் என்னும் கேள்வி, செவிலி பற்றிய கேள்வியே. இவ்வட்டாரத்தில் பாட்டியை ஆயா என்பர். அங்கன்வாடி உதவியாளரையும் ஆயா என்றே அழைப்பர். உறவும் ஊதியப் பணியும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. பெரியம்மா, சின்னம்மா என்னும் உறவுப்பெயர்களும் தாய் என்னும் சொல்லைப் பலர்க்குப் பகிர்ந்தளிக்கின்றன.

சட்டமும் சில இடங்களில் இவ்வுழைப்பை ஏற்றுள்ளது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ உடன் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி வழங்க வேண்டும் என விதித்தது. மண் வெட்டுவதும் பிள்ளை பார்ப்பதும் ஒரே கூலிக்குரிய வேலை என்பதே இதன் உட்பொருள். 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டத்துக்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ எனப் பெயரிடப்பட்டதும் நோக்கத்தக்கது. ஊதியமற்ற வீட்டுழைப்புக்கான ஏற்பு என அரசு தந்த விளக்கம் பெண்ணிய ஆய்வுக்குள் விளைந்தது. அது ‘உதவி’ என்னும் சொல்லை ‘உரிமை’யாக மாற்றியது.

மறுபுறம், 1987இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி முதல் இரண்டு பேறுகளுக்கே உரியது. அரசு ஊழியரின் பேறுகால விடுப்பிலும் இரு குழந்தை வரம்பு இருந்தது. அவ்வரம்பைக் காட்டி விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு ஆசிரியை ஒருவரின் வழக்கில், பேறுகால விடுப்பு இனப்பெருக்க உரிமையோடு இணைந்தது என உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. தாயைத் தெய்வமென்னும் சமூகத்தில் எத்தனையாவது பிள்ளைக்குத் தாய் என்னும் கணக்கும் உடன் நிற்கிறது. மேடையில் ஒலிக்கும் போற்றுதல் இக்கணக்கை மறைக்கிறது. அதனை வெளிக்கொணர்வது ஆய்வின் கடன்.

இம்மாவட்டத்தின் கூவாகமும் இங்கு எண்ணத்தக்கது. கூத்தாண்டவர் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் திருநங்கையர் திரளாக வருகின்றனர். பிறந்த வீட்டால் கைவிடப்பட்ட இளையோரை மூத்த திருநங்கையர் மகளாக ஏற்பதும், அவர்களால் அம்மா என அழைக்கப்படுவதும் அச்சமூகத்தின் உறவுமுறை. அ. ரேவதி, லிவிங் ஸ்மைல் வித்யா ஆகியோரின் தன்வரலாறுகள் இவ்வாழ்க்கையைத் தமிழ் வாசகர்முன் வைத்தன. ஈனாதவர் புறந்தரும் தாய்மைக்கு இவ்வட்டாரத்தார் ஆண்டுதோறும் காணும் சான்று இது.

பகிர்வோர் கருத வேண்டியவை

ஆய்வறிவு மேலிருந்து கீழே இறக்கித் தரப்படுவது என்னும் எண்ணம் முதலில் களையப்பட வேண்டும். கூலிவேலை முடித்து வந்து உலை வைக்கும் பெண்ணுக்கு வளர்ப்பு ஓர் உழைப்பு என்பதைக் கற்பிக்க வேண்டியதில்லை. ‘பிள்ளைகளை வளர்க்கப் பட்ட பாடு’ என அவர் அன்றாடம் சொல்வதில் உழைப்பும் துன்பமும் ஒருங்கே உள்ளன. ஆய்வாளர் தரக்கூடியது, அப்பாட்டுக்குச் சட்டத்திலும் வரலாற்றிலும் இலக்கியத்திலும் உள்ள இடம் பற்றிய செய்தி. ‘பராமரிப்பு உழைப்பு’ என்னும் மொழிபெயர்ப்புச் சொல்லினும் ‘வளர்ப்பு’, ‘பாடு’, ‘புறந்தருதல்’ ஆகியவை அவ்வுரையாடலுக்கு ஏற்றவை.

தாய்மையைப் பொதுமைப்படுத்தும்போது சாதி மறைந்துவிடக்கூடாது. பாமாவின் ‘சங்கதி’ (1994) காட்டும் தலித் பெண்களின் தாய்மை, வீட்டுக்குள் அடங்கிய தாய் என்னும் படிமத்தோடு எவ்வகையிலும் பொருந்தாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். மதுவைப் பற்றிய பொதுப்பேச்சில் பெண் பெரும்பாலும் கண்ணீர் வடிக்கும் தாயாகவே இடம்பெறுகிறாள். இறந்த பெண்களும், மறுநாளே வேலைக்குச் செல்ல வேண்டியிருந்த பெண்களும் அப்படிமத்துக்கு வெளியே நிற்கின்றனர்.

முடிவுரை

தாய்மையை அனுபவமாகவும் நிறுவனமாகவும் பிரித்தறிவது தாயைச் சிறுமைப்படுத்துவதாகாது. அவள்மேல் ஏற்றப்பட்ட கடன்களை எண்ணிப் பார்க்க உதவுவது. அதற்கு இணையான பகுப்பு நற்றாய் - செவிலி என்னும் வடிவில் தமிழ் அகமரபில் உள்ளது. வீரத்தாய் என்பது புறநானூற்றின் ஒரு பகுதியிலிருந்து பிற்காலம் தேர்ந்தெடுத்த படிமம். அதே நூலில் அதற்கு மாற்றும் உண்டு. சிறுகதை, அரங்கு, ஆவணம், தமிழ் ஆய்விதழ் ஆகியன இவ்வறிவைப் பகிர்ந்த வழிகளாக அமைந்தன. அவற்றுள் மக்கள் அறிந்த வடிவத்தையும் சொல்லையும் கைக்கொண்டவையே ஆழமாகச் சென்றன.

தமிழ்த்துறைகள் இதில் செய்யக்கூடியவை மூன்று. ஆங்கிலத்திலுள்ள அடிப்படைக் கட்டுரைகளைத் தமிழில் தருதல். வாய்மொழி வழக்காறுகளைப் பாடியவர் ஒப்புதலோடும் பெயரோடும் பதிந்து, அப்பதிவை அவ்வூர் நூலகத்துக்கே திருப்பி அளித்தல். புறநானூற்று வகுப்பில் 312ஆம் பாடலோடு 254ஆம் பாடலையும் சேர்த்துக் கற்பித்தல். மூன்றாவதற்கு நிதியோ அரசாணையோ தேவையில்லை. அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.